பாத்திர வாடகைக் கடைக் கணக்கை வெறும் டெக்ஸ்ட் கோப்பில் வைத்துக்கொள்வது எப்படி

எங்கள் பெரியப்பா பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி, ஜமுக்காளம், 300 பிளாஸ்டிக் நாற்காலி, மடக்கு மேசை, ரெண்டு சாமியானா. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கோயில் அன்னதானம், துக்க வீடு என்று எதுவானாலும் தெருவில் அங்கிருந்துதான் சாமான் போகும். கணக்கு ரொம்ப நாள் நீள நோட்டில் இருந்தது. அப்புறம் ஒரு பில்லிங் மென்பொருள் வாங்கிப் போட்டோம், நாலு வருஷம் நன்றாகத்தான் ஓடியது, ஒருநாள் கணினி படுத்துவிட்டது, தரவுக் கோப்பை மட்டும் எப்படியோ மீட்டுவிட்டோம், ஆனால் அந்த மென்பொருளைத் தவிர வேறு எதிலும் அது திறக்கவில்லை, அதன் உரிமமோ செத்துப்போன கணினியோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. யார் வீட்டில் எத்தனை அண்டா நிற்கிறது என்பதைப் பெரியப்பா ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதினேன்.

அந்தத் தாளை அன்று இரவே கணினியில் ஏற்றினேன். நோட்பேடில், ஒரு விஷயத்துக்கு ஒரு வரி. இன்றுவரை கடை அதில்தான் ஓடுகிறது. அதை எப்படி அமைத்தோம், எங்கெல்லாம் இடறினோம் என்று சொல்கிறேன். உங்களுடையது தையல் கடையாகவோ டியூஷன் வகுப்பாகவோ அடுக்ககப் பராமரிப்புக் கணக்காகவோ இருந்தாலும் முறை மாறாது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். டெக்ஸ்ட் கோப்பைத் தரவுத்தளமாக வைப்பது அரைகுறை வேலை என்று பலருக்கு எண்ணம். லினக்ஸ் கணினி ஒவ்வொன்றிலும் பயனர் பட்டியல் இருப்பது இப்படி ஒரு கோப்பில்தான்: ஒரு பயனருக்கு ஒரு வரி, அந்த வரியில் முக்காற்புள்ளியால் பிரித்த 7 புலங்கள், அதாவது 7 தனித்தனித் தகவல்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. வரிகளில் தேடுவதற்கான 'கிரெப்' என்ற சின்ன நிரலைக் கென் தாம்ஸன் எழுதி அது 1973இல் யூனிக்ஸில் சேர்ந்தது. புலம் புலமாகப் பிரித்துக் கூட்டிக் கழிக்கும் 'ஆக்' 1977இல் வந்தது, ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூன்று பேரின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அதன் பெயர். இரண்டும் இன்றும் அப்படியே வேலை செய்கின்றன. விண்டோஸில் கிட் (கோப்பில் எது எப்போது மாறியது என்று பதிந்துவைக்கும் மென்பொருள்) நிறுவினால் கூடவே வரும் கிட் பேஷ் திரையில் இவை இருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் என்ற கட்டளைத் திரைச் செயலி போட்டாலும் கிடைக்கும்.

ஒரு வரி என்றால் என்ன

உண்மையான வேலை இங்கேதான். எந்த எடிட்டர், எந்த நிரல் என்பதெல்லாம் அப்புறம். என் கோப்பில் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நான் முதலில் ஒரு விசேஷத்துக்கு ஒரு வரி என்று வைத்தேன். செல்வி அக்கா, 100 நாற்காலி, 2 அண்டா, 5 ஜமுக்காளம், எல்லாம் ஒரே வரியில். ரெண்டே நாளில் குழம்பியது. நாற்காலி 98 திரும்பி வந்தது, அண்டா இன்னும் வரவில்லை, இதை எங்கே எழுதுவது? 100ஐ அழித்து 2 என்று மாற்றினால் எத்தனை போனது என்ற தகவலே போய்விடும்.

அதனால் இப்படி மாற்றினேன்: ஒரு பொருள் ஒருமுறை கடையைத் தாண்டிப் போனால் அல்லது திரும்பி வந்தால் அதற்கு ஒரு வரி. போனால் கழித்தல் குறி, வந்தால் கூட்டல் குறி. மொத்தம் மூன்று கோப்பு.

'பொருள்கள்' என்ற கோப்பு, குறியீடு, பெயர், இருப்பு, நாள் வாடகை:

அண்20 | அண்டா 20 படி | 6 | 150
நாற்பி | பிளாஸ்டிக் நாற்காலி | 300 | 8
ஜமு | ஜமுக்காளம் | 25 | 30

'வாடிக்கை' என்ற கோப்பு, குறியீடு, பெயர், இடம், அடையாளம்:

வா017 | செல்வி | தெற்குத் தெரு | பால் டிப்போ எதிர்வீடு
வா018 | கௌரி | சந்நிதித் தெரு | மாடி வீடு

'நடப்பு' என்ற கோப்பு, தேதி, பில் எண், வாடிக்கையாளர், பொருள், எண்ணிக்கை, குறிப்பு:

2024-06-09 | பில்0231 | வா017 | நாற்பி | -100 |
2024-06-09 | பில்0231 | வா017 | அண்20 | -2 |
2024-06-11 | பில்0231 | வா017 | நாற்பி | +98 |
2024-06-11 | பில்0231 | வா017 | அண்20 | +2 |
2024-06-13 | பில்0231 | வா017 | நாற்பி | +1 | மண்டபத்தில் கிடந்தது
2024-06-13 | பில்0231 | வா017 | நாற்பி | +1 | உடைந்தது, பணம் வாங்கியாச்சு

நாற்காலி வரிகளை மட்டும் கூட்டிப் பாருங்கள், பூச்சியம் வரும். பூச்சியம் என்றால் அந்த பில்லில் அந்தப் பொருள் தீர்ந்தது. வேறு எந்த எண் வந்தாலும் யாரிடமோ சாமான் நிற்கிறது. 'திரும்பியது ஆம்/இல்லை' என்று தனியாக ஒரு புலமே வேண்டாம், அந்தப் புலத்தை மாற்ற மறந்தோம் என்ற பேச்சும் வராது. உடைந்த நாற்காலிக்குக் கணக்கைத் தீர்த்து ஒரு வரி எழுதிவிட்டு, பொருள்கள் கோப்பில் 300ஐ 299 ஆக்கிவிட வேண்டும்.

செல்வியின் பெயரும் தெருவும் நடப்புக் கோப்பில் இல்லை, வா017 மட்டும்தான் இருக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர் வீடு மாறினால் ஒரே இடத்தில் ஒரே வரியை மாற்றினால் போதும். தரவுத்தளப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக விளக்கும் விஷயத்தில் ஒரு சின்னக் கடைக்குத் தேவையான பங்கு இவ்வளவுதான்.

இன்னொரு கட்டாய விதி. நடப்புக் கோப்பில் பழைய வரியைத் தொடவே கூடாது. கடைசியில் புது வரி சேர்க்கலாம், அவ்வளவுதான். தப்பாக 10 என்று எழுதிவிட்டீர்களா, அதற்கு எதிர்க்குறியில் ஒரு வரி போட்டு, குறிப்பில் 'திருத்தம்' என்று எழுதி, சரியான எண்ணை அடுத்த வரியில் போடுங்கள். பெரியப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியே இருக்கவில்லை. "பேரேட்டுல அழிச்சு எழுதினா அது பேரேடாப்பா?" என்று கேட்டார்.

பிரிப்பான், தேதி, மற்ற சின்ன விஷயங்கள்

புலங்களுக்கு நடுவே எதைப் போடுவது? காற்புள்ளி போட்டால் 'உடைந்தது, பணம் வாங்கியாச்சு' என்று குறிப்பு எழுதின உடனே ஒரு புலம் ரெண்டாகிவிடும். அதைச் சமாளிக்க மேற்கோள் குறிக்குள் அடைப்பது, மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் இரட்டிப்பது என்று சிஎஸ்வி எனப்படும் காற்புள்ளிக் கோப்புகளுக்கு விதிகள் இருக்கின்றன, 2005இல் ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணமாக எழுதியும் வைத்திருக்கிறார்கள், ஆனால் கையால் தட்டும்போது அந்த விதி யாருக்கும் ஞாபகம் இருக்காது. டேப் கண்ணுக்குத் தெரியாது, கைபேசி விசைப்பலகையில் பெரும்பாலும் கிடைக்கவும் கிடைக்காது. அதனால் செங்குத்துக்கோடு. பெயரிலோ முகவரியிலோ அது வர வழியே இல்லை.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்றே எழுதுங்கள், மாதமும் நாளும் எப்போதும் ரெண்டு இலக்கத்தில். 9-6-2024 என்று எழுதினால் வரிசைப்படுத்தும் நிரல் அதை வெறும் எழுத்தாகப் பார்த்து ஜூன் 9ஐ டிசம்பர் 10க்குப் பின்னால் தள்ளிவிடும். 2024-06-09 என்றால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றேதான்.

குறிப்பு என்ற புலத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் சேமித்த கோப்பில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கும், அதை லினக்ஸ் வழி வந்த நிரல்கள் கடைசிப் புலத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். எண்ணிக்கையோ குறியீடோ கடைசியில் இருந்தால் ஒப்பிடும்போது மாட்டிக்கொள்வோம். குறிப்பை யாரும் எதனோடும் ஒப்பிடப்போவதில்லை.

வரிகளை அழகாக நேர்க்கோட்டில் அடுக்க வேண்டும் என்று இடைவெளி போட்டுப் போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, எவ்வளவு முயன்றாலும் அடுக்கு நிற்காது.

தமிழில் எழுதுவதால் வரும் சிக்கல்கள்

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நாங்கள் அதிகம் அடிபட்டது இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கோப்பு யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் ஒரு பொது எண் தரும் முறை), யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் (அந்த எண்களைக் கோப்பில் சேமிக்கும் விதம்) இருக்க வேண்டும். விண்டோஸ் 10இன் 2019 மே புதுப்பிப்பிலிருந்து நோட்பேடே புதுக் கோப்புகளை இயல்பாக அப்படித்தான் சேமிக்கிறது. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய பட்டியல் கையில் இருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். பார்க்கத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு போனால் கணக்கும் போனது போலத்தான். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வைக்கும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் வைத்திருந்து பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றியது. வெறும் டெக்ஸ்ட் கோப்பு காலத்துக்கும் நிற்கும் என்பது சரிதான், ஆனால் எந்தக் குறியேற்றம் என்பது தெரிந்திருந்தால்தான்.

அடுத்தது கொப்பரை. ஒருநாள் 'கொப்பரை' என்று தேடினேன், ஒரு வரிகூட வரவில்லை, ஆனால் கோப்பைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கிறது. காரணம் இதுதான்: 'கொ'வை யூனிகோடில் ரெண்டு விதமாக எழுதலாம். 'க' பக்கத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று தனித்தனியாக ரெண்டு குறி போடலாம். திரையில் ரெண்டும் ஒன்றுபோலவே தெரியும், கிரெப்புக்கு அவை வேறு வேறு. 'கோ'வுக்கும் இதே கதை. எழுத்துரு மாற்றிகள் வழியாக வந்த பழைய பட்டியல்களில் இது கலந்து கிடக்கும். தீர்வு சுலபம். பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும் 'யூனிகோட்டேட்டா' தொகுப்பில் 'நார்மலைஸ்' என்ற செயல்கூறு இருக்கிறது, அதில் 'என்எஃப்சி' என்ற வடிவத்தைத் தேர்ந்து மொத்தக் கோப்பையும் ஒருமுறை ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

ஆனால் கௌரிக்கு அது உதவாது. 'கௌ' என்பதற்குப் பதிலாகப் பலர் ஒற்றைக்கொம்பு 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டிவிடுகிறார்கள். இது நிஜமாகவே வேறு எழுத்து, எந்த நிரலுக்கும் அது பிழை என்று தெரியாது. எங்கள் வாடிக்கைக் கோப்பில் ஒரே கௌரி ரெண்டு தடவை ரெண்டு குறியீட்டில் இருந்தார், ஒருவர் பெயரில் ஜமுக்காளம் போயிருக்கிறது, இன்னொருவர் பெயரில் வந்திருக்கிறது, ரெண்டு கணக்குமே தீரவில்லை. பௌர்ணமி, மௌலி, சௌந்தரம் என்று ஔகாரம் வரும் பெயர்களை மட்டும் எடுத்து ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. குறியீடுகளில் ஒ, ஓ, ஔ வரிசை எழுத்துகளையே தவிர்ப்பது என்ற பழக்கம் அதற்கப்புறம் வந்ததுதான். 'கொப்பரை'யின் குறியீடு எங்களிடம் 'இட்'.

மூன்றாவது, அகரவரிசை. யூனிகோட் எண் வரிசையில் புள்ளி உயிர்க்குறிகளுக்கு அப்புறம்தான் வருகிறது, அதனால் அமுதா முதலிலும் அம்மு பின்னாலும் நிற்பார்கள், நம் அகராதி முறைக்கு நேர் எதிராக. நாங்கள் பெயரை வைத்து வரிசைப்படுத்துவதே இல்லை. தேதி, குறியீட்டு எண், இந்த ரெண்டுதான்.

கேள்வி கேட்பது

செல்வியின் கணக்கு மட்டும் வேண்டுமா, கிரெப்பிடம் வா017 என்று சொல்லி நடப்புக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், அந்த வரிகள் மட்டும் திரையில் வரும். கட்டளைத் திரை பிடிக்காதவர்கள் எடிட்டரிலேயே கண்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடலாம், அதுவும் குறைந்ததில்லை.

யாரிடம் என்ன நிற்கிறது என்பதற்கு 'ஆக்' வேண்டும். அதனிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: செங்குத்துக்கோடும் அதன் இருபக்க இடைவெளியும் சேர்ந்து பிரிப்பான்; ஒவ்வொரு வரியிலும் ரெண்டாவது, மூன்றாவது, நாலாவது புலங்களை ஒட்டி ஒரு சாவியாக்கி, அந்தச் சாவியின் கீழ் ஐந்தாவது புலத்தைக் கூட்டிக்கொண்டே போ; கோப்பு முடிந்ததும் பூச்சியம் ஆகாதவற்றை மட்டும் அச்சிடு. எழுதினால் ரெண்டு வரி. இங்கே ஒரு கண்ணி உண்டு. இடைவெளியோடு சேர்த்துப் பிரிப்பானைக் கொடுக்கும்போது செங்குத்துக்கோட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், இல்லையென்றால் 'ஆக்' அதை 'இது அல்லது அது' என்ற பொருளில் எடுத்துக்கொண்டு வரியைக் கண்டபடி வெட்டும்.

அதே கூட்டலைப் பொருள் குறியீட்டுக்கு மட்டும் செய்து, பொருள்கள் கோப்பின் இருப்போடு சேர்த்தால் இப்போது கடையில் எத்தனை இருக்கிறது என்று தெரிந்துவிடும். முன்பதிவுக்கு இதே மாதிரி இன்னொரு கோப்பு வைத்திருக்கிறோம். முகூர்த்த நாளில் ஒரே தேதிக்கு 300க்கு மேல் நாற்காலி வாக்குக் கொடுத்துவிட்டோமா என்று அதைக் கூட்டினால் தெரியும்.

பணத்துக்குத் தனிக் கோப்பு. வாடகைத் தொகை கழித்தலில், வாங்கின அட்வான்ஸும் பாக்கியும் கூட்டலில், அதே தந்திரம்தான். இதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பில் போடும் அன்றைக்குத் தொகையை எண்ணாக எழுதிவிடுங்கள். பொருள்கள் கோப்பில் இருக்கும் வாடகையை வைத்துப் பழைய பில்லைப் பிற்பாடு கணக்கிட்டால், நாற்காலி வாடகை 8 ரூபாயிலிருந்து 10 ஆகிற அன்று பழைய பாக்கி எல்லாம் தானாக ஏறிவிடும்.

காவல்காரன்

தரவுத்தள மென்பொருள் தப்பான தேதியை உள்ளே விடாது. டெக்ஸ்ட் கோப்பு எதையும் விடும். அதனால் சரிபார்க்க ஒரு சின்ன நிரல் எழுதி, கூட்டுவதற்கு முன்னால் தினமும் ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் சரியாக 6 புலம் இருக்கிறதா, தேதி 10 எழுத்தில் இருக்கிறதா, பொருள் குறியீடும் வாடிக்கையாளர் குறியீடும் அந்தந்தக் கோப்பில் உண்மையிலேயே இருக்கின்றனவா, எண்ணிக்கை கூட்டல் அல்லது கழித்தலில் ஆரம்பித்து எண்ணாக முடிகிறதா. பிழை இருந்தால் வரி எண்ணைச் சொன்னால் போதும், திருத்துவது நம் வேலை. இன்னும் யாரும் கூட்டாத புது வரியில் இருக்கும் தட்டுப்பிழையை அங்கேயே திருத்திக்கொள்ளலாம், பழைய வரியைத் தொடாதே என்ற விதி அதற்கு இல்லை.

கடைசிச் சோதனையை நான் பிற்பாடுதான் சேர்த்தேன். சில செயலிகள் கழித்தல் குறியைத் தாமாகவே நீளக் கோடாக மாற்றிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் 'ஆக்' அதை எண்ணாகப் பார்க்காமல் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். 50 நாற்காலி போனது கணக்கில் ஏறவே இல்லை, திரும்பி வந்தபோது கடையில் 350 நாற்காலி இருப்பதாகக் காட்டியது.

இதே காரணத்துக்காகத்தான் இந்தக் கோப்புகளை விரிதாளில் திறந்து சேமிக்காதீர்கள் என்கிறேன். பார்க்கலாம், சேமிக்க வேண்டாம். கைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் பூச்சியத்தைத் தின்றுவிடும், தேதி போலத் தெரிவதையெல்லாம் தேதியாக்கிவிடும். இது எவ்வளவு பெரிய தொல்லை என்றால், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், எக்ஸெல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே செப்1, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை மாற்றியதைச் சொல்லியிருக்கிறது.

ரெண்டு பேர் எழுதினால்

கடையில் பெரியப்பா மகன் கணினியில் எழுதுகிறான், மண்டபத்தில் சாமான் எண்ணும்போது நான் கைபேசியில் எழுதுகிறேன். ஒரே கோப்பை ரெண்டு பேரும் திறந்தால் கடைசியில் சேமித்தவருடையது மட்டும் நிற்கும், அல்லது 'முரண்பட்ட நகல்' என்று இன்னொரு கோப்பு முளைக்கும். பூட்டு, கீட்டு என்று எதுவும் தேவைப்படவில்லை, ஆளுக்கு ஒரு நடப்புக் கோப்பு வைத்துக்கொண்டோம். 'நடப்பு-கடை', 'நடப்பு-மண்டபம்'. அவன் கோப்பில் நான் கை வைப்பதில்லை, என்னுடையதில் அவன் வைப்பதில்லை. கூட்டும்போது ரெண்டையும் ஒட்டித் தேதிப்படி வரிசைப்படுத்தினால் ஒரே கோப்பாகிவிடும். வரிகளைச் சேர்க்க மட்டும்தான் செய்கிறோம், யாரும் திருத்துவதில்லை என்பதால்தான் இது இவ்வளவு எளிதாக நடக்கிறது.

நிரல் எழுதி வாடிக்கைக் கோப்பை மாற்றுவதாக இருந்தால் அதன் மேலேயே எழுதாதீர்கள். புதுக் கோப்பில் முழுவதும் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் பழைய பெயரை அதற்கு வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் பழையது முழுசாக இருக்கும். தினமும் கடை சாத்தும்போது கோப்புறையைத் தேதி போட்டு ஒரு நகல், வாரம் ஒருமுறை பென்டிரைவில் ஒன்று. கிட் தெரிந்தவர்கள் அதையே பயன்படுத்தலாம், வரிவரியாக எது மாறியது என்று காட்டுவதற்கே செய்தது போல இருக்கும்.

இடம் போதுமா என்று சிலர் கேட்பார்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட் எடுக்கும். ஒரு வரிக்குத் தாராளமாக 150 பைட், நாளுக்கு 50 வரி என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 18,250 வரி, 3 எம்பிகூட ஆகாது. கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவு.

இதில் வைக்கக் கூடாததும் உண்டு. சாமான் எடுப்பவர்கள் சிலர் ஆதார் நகல் கொடுப்பார்கள், அந்த எண்ணை இந்தக் கோப்பில் எழுதாதீர்கள். யார் திறந்தாலும் படிக்க முடியும் என்பதுதான் டெக்ஸ்ட் கோப்பின் நன்மை, இந்த விஷயத்தில் அதுவேதான் கேடு.

நாலைந்து பேர் ஒரே நொடியில் எழுதும் கடையாகி, பில்லும் பணமும் சேர்ந்து பதிவானால் உண்டு, இல்லையென்றால் இரண்டுமே வேண்டாம் என்ற கட்டாயம் வந்தால், அன்றைக்கு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளுக்குப் போங்கள். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது, இலவசம், அதுவும் ஒரே கோப்புதான். நாங்கள் ஒருமுறை முயன்று பார்த்தோம். மூன்று அட்டவணை உருவாக்கி, பிரிப்பான் செங்குத்துக்கோடு என்று சொல்லி இறக்குமதி செய்தால் எல்லா வரியும் அப்படியே ஏறிவிட்டது, கோட்டின் இருபக்க இடைவெளியை மட்டும் முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். கூட்டிப் பார்த்தோம், 'ஆக்' சொன்ன அதே பாக்கிப் பட்டியல் வந்தது. கடைக்கு இன்னும் அது தேவைப்படவில்லை, அதனால் பெரியப்பா வெள்ளிக்கிழமை சாயந்திரம் கேட்கும் பாக்கிப் பட்டியல் இப்போதும் நடப்புக் கோப்பிலிருந்துதான் அச்சாகிறது.